உங்களுக்குத் தெரியுமா? இடுப்புக்குள் ஆளுக்கு ஒரு வழி!

உங்கள் இடுப்புக்கூட்டுக்குள் ஓடும் குட்டி நரம்புகள் உங்கள் அண்ணனுக்கும் அதே வழியில்தான் ஓடும் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! உங்களுக்கே வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் வேறு மாதிரி இருக்கலாம்!

சிறுநீரை அடக்கி வைக்க உதவுவது புடெண்டல் நரம்பு. இது இடுப்புக்கூட்டை விட்டு வெளியே வந்து, ஓர் எலும்பு முள்ளைச் சுற்றிக்கொண்டு, மறுபடி உள்ளேயே நுழைகிறது! பிரசவத்தின்போது டாக்டர்கள் அந்த முள்ளை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துத்தான் இந்த நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள்!

புத்தகத்தில் புடெண்டல் நரம்பு ஒரே தண்டு. தாய்லாந்து ஆய்வாளர்கள் 73 இடுப்புப் பக்கங்களைப் பிரித்துப் பார்த்து 2005-ல் எழுதினார்கள். ஒரே தண்டு இருந்தது 41-ல் மட்டுமே! 9-ல் மூன்று தண்டுகள்!

அந்த நரம்பு போகும் சுரங்கத்தை 1836-ல் விவரித்தவர் அயர்லாந்தின் பெஞ்சமின் ஆல்காக். பிறகு அமெரிக்கா போனார். எங்கே, எப்போது இறந்தார்? இன்றுவரை யாருக்கும் தெரியாது!

ஆண்மைக்கான நரம்புகள் பிராஸ்டேட்டை ஒட்டி ஓடுகின்றன. மயிரிழை போன்றவை! பெரியவர்களின் சவத்தில் கொழுப்புக்குள் தொலைந்துபோகும். 1981-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டோங்கர், வால்ஷ் என்ற இரு மருத்துவர்கள் இறந்து பிறந்த சிசுவின் உடலில் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். மறு வருஷமே, 1982 ஏப்ரல் 26-ல், அந்த நரம்புகளைக் காப்பாற்றி முதல் பிராஸ்டேட் ஆபரேஷன்!

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது ஒரே வருஷம், 2014! அங்கே முதலாண்டு மாணவர் திறக்கும் ஒவ்வொரு உடலிலும் புத்தகத்தில் இல்லாத ஒரு கிளை காத்திருக்கலாம்!

தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு பெல்ட் உட்காரும் எலும்பு முனைக்குப் பக்கத்திலேயே இறங்குகிறது. சிலருக்கு எலும்பின் மேலேயே ஏறிப் போகும்! 1997-ல் எண்ணியபோது மொத்தம் 5 வழிகள்! அது நசுங்கினால் தொடை எரியும், மரத்துப்போகும். ஆனால் காலின் பலம் துளியும் குறையாது! மனநல மேதை சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே இந்தத் தொல்லை இருந்தது. 1895-ல் அவரே எழுதியிருக்கிறார்!

மூணாறில் இடுப்பில் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளும் அக்காமார்களே, பெல்ட்டை இறுக்கிப் போடும் தம்பிகளே! தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்துப்போகிறதா? கட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். விடவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்!