டையும் முழங்கையும்: தாதிமை நேர்காணலில் ஆண்களின் உடை

பெண்களுக்குரிய தொழிலாகவே நெடுங்காலம் கருதப்பட்டுவந்த தாதிமைத் துறையில், அதாவது தமிழ்நாட்டார் செவிலியம் என்று வழங்கும் துறையில், வேலைக்கு விண்ணப்பிக்கும் ஓர் இளைஞர் நேர்காணலுக்கு எதை உடுத்துவது என்று யோசிக்கும்போது, பார்த்துப் பின்பற்ற முன்னோடிகள் அதிகம் இல்லை என்பதே அவருக்கு முதல் இடராகிறது. பிரிட்டனின் 1919ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆண் தாதியரைத் தனியொரு துணைப் பட்டியலில் ஒதுக்கிவைத்தது. அந்தப் பிரிவினை நீங்க 1949ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்நாட்டுத் தாதியரின் ராயல் கல்லூரி ஆண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதோ 1960இல்தான். மலேசியத் தாதியர் சட்டம் 1950இல் அந்த மரபின் நிழலில் பிறந்ததாகும். எனினும் மலாயாவில் நோயாளியைத் தொட்டுப் பராமரித்த ஆண்கள் இல்லாமல் இல்லை. தோட்டப்புறத் தமிழர் ‘டிரஸ்ஸர்’ என்று அழைத்த தோட்ட மருத்துவமனை உதவியாளர், புண்ணுக்குக் கட்டுப்போடுவதிலிருந்து காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது வரை அனைத்தையும் கவனித்தார். அவர்களைப் பதிவுசெய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் டிரஸ்ஸரின் பணி வேறு, தாதியின் பணி வேறு என்று துறைகள் பிரிந்தே வளர்ந்ததால், தாதியாக வரும் ஆணுக்கு அந்த மரபும் முழுமையாக வந்து சேரவில்லை.

மலேசியாவின் பினாங்கில், நேர்காணலுக்கு எதை உடுத்துவது என்ற கேள்விக்கு நடைமுறை முக்கியத்துவம் உண்டு. ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பினாங்கு பொது மருத்துவமனையும், பர்மா சாலையில் 1924இல் தொடங்கப்பட்ட அட்வென்டிஸ்ட் மருத்துவமனையும், மெக்காலிஸ்டர் சாலையில் ஐலண்ட் மருத்துவமனையும் அமைந்துள்ளன. இந்தோனேசியாவிலிருந்து, சிறப்பாகச் சுமத்ராவிலிருந்து, சிகிச்சைக்காக வருவோரைத் தனியார் மருத்துவமனைகள் பெரிதும் நம்பியிருப்பதால், ஊழியரின் தோற்றம் அவற்றுக்கு வாணிகக் காரணத்தாலும் முக்கியமாகிறது. உடுப்பைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. 1798ஆம் ஆண்டின் வரைபடத்தில் ‘மலபார் தெரு’ என்று குறிக்கப்பட்ட சூலியா தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரைத் தாங்கியது. அவ்வணிகர் கொண்டுவந்த சரக்குகளில் துணிக்குத் தனியிடம் இருந்தது. இன்றும் அதையொட்டிய லிட்டில் இந்தியாவின் துணிக்கடைகளில் சட்டையும் காற்சட்டையும் வாங்கிவிடலாம்.

நேர்காணலுக்கான அடிப்படை உடையைப் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. வெள்ளை அல்லது வெளிர்நீல முழுக்கைச் சட்டை, கறுப்பு அல்லது கருநீலக் காற்சட்டை, பகட்டில்லாத டை, கறுப்பு நிறத்தில் மூடிய காலணி, அதே நிறத்தில் காலுறை ஆகியவையே மலேசிய அரசுப் பணி நேர்காணல்களிலும் தனியார் மருத்துவமனைகளிலும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன. கோட்டு அவசியமன்று, பகலில் முப்பது பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பமும் புழுக்கமும் நிறைந்த ஊரில் கோட்டணிந்து வியர்வையில் நனைந்து வருவதைவிட, கோட்டில்லாமல் உலர்ந்த சட்டையோடு வருவதே மேல். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் பனியன் அணியாவிட்டால் வியர்வை பட்டதும் துணி உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டிவிடும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. பாத்தேக் சட்டையைப் பொறுத்தவரை, அரசு ஊழியர் வியாழக்கிழமைகளில் அதை அணியும் வழக்கம் இருப்பதாலும், முழுக்கைப் பாத்தேக் இந்நாட்டில் விழா உடையாகவே மதிக்கப்படுவதாலும், அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆயினும் அழைப்புக் கடிதம் டையைக் கேட்டிருந்தால் டையே அணிய வேண்டும். கோயிலிலும் திருமணத்திலும் கம்பீரம் தரும் வேட்டி நேர்காணல் அறைக்கு ஏற்றதன்று. பயிற்சிக்காலச் சீருடையும், கேட்டாலொழிய, ஏற்றதன்று. சீருடை பணியில் இருப்போருக்கு உரியது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நேர்காணல் அறை விரும்பும் முழுக்கையும் டையும், நோயாளி படுத்திருக்கும் வார்டு வெறுப்பவை. இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007இல் வெளியிட்ட வழிகாட்டல், நோயாளியைத் தொடுவோர் முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ நகையோ இன்றி இருக்க வேண்டும் என்றும், டையைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறியது. கையை மணிக்கட்டு வரை ஒழுங்காகக் கழுவ முடிய வேண்டும் என்பதே முதன்மைக் காரணம். அடிக்கடி துவைக்கப்படாத டை நோயாளியின் மேல் உரசும் என்பது அடுத்த காரணம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட சோதனையில், மருத்துவப் பணியாளரின் 42 டைகளில் 20 டைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்திருந்தன. காவலாளிகளின் 10 டைகளிலோ ஒன்றில் மட்டுமே அவை காணப்பட்டன. சிறிய சோதனைதான், டையால் நோய் பரவியதை அது மெய்ப்பிக்கவும் இல்லை. ஆனாலும் டை அணிந்து வந்த விண்ணப்பதாரரிடம், இதை அணிந்தபடி வார்டில் வேலை செய்வீர்களா என்று தலைமைத் தாதி கேட்டால், ‘செய்யமாட்டேன்’ என்பதோடு அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்திருப்பவருக்கே அந்த உடை நன்மை செய்யும்.

வார்டின் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்றதா என்ற இதே அளவுகோல் உடம்பின் மற்ற அலங்காரங்களுக்கும் பொருந்தும். தாடி வைத்திருப்பது தவறன்று. ஆனால் என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பயன்தரும் என்பதால், கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் மயிர் இருப்பது பாதுகாப்பைக் குறைக்கும். சமயக் காரணத்துக்காகத் தாடி வளர்ப்பவர் அதை ஒழுங்காகக் கத்தரித்துக்கொண்டு, மாற்றுக் கவசங்களைப் பற்றியும் அறிந்திருத்தல் நல்லது. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க வேண்டும். வாசனைத் திரவியம் மூச்சிரைப்பு உள்ள நோயாளிகளுக்கு ஒவ்வாமல் போகலாம் என்பதால், குளித்துத் துவைத்த உடை அணிந்த மணமே போதுமானது. நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்றைக் கண்டோ முஸ்லிம் இளைஞரின் சொங்கோக் தொப்பியைக் கண்டோ பல இனத்தார் வாழும் பினாங்கில் எவரும் வியப்படையப்போவதில்லை.

தமிழ் இளைஞர்கள் பெரும்பாலும் எண்ணிப்பார்க்காத ஒன்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் சிவப்பு அல்லது கறுப்புக் கயிறு. தண்ணீர் பட்டால் எளிதில் உலராமல், அழுக்கைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் துணியாக இருப்பதால், அது உலோக வளையத்தையும்விடத் தூய்மைக்கு இடையூறானது. 2010இல் வந்த இங்கிலாந்தின் திருத்திய வழிகாட்டல் சீக்கியரின் காப்பைக் கழற்றச் சொல்லாமல், கை கழுவும்போதும் நோயாளியைத் தொடும்போதும் அதை முழங்கைப் பக்கம் தள்ளி நிறுத்தினால் போதும் என்று இணக்கம் கண்டது. கற்கள் பதிக்காத திருமண மோதிரத்தையும் பல மருத்துவமனைகள் பொறுத்துக்கொள்கின்றன. மணிக்கட்டில் இறுகக் கட்டிய கயிற்றை அவ்வாறு தள்ள இயலாது. சில நேர்காணல்களில் கை கழுவும் முறையைச் செய்துகாட்டச் சொல்வதுண்டு. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்து, டையின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையே செருகிவிட்டு, முழுக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடச் சில நொடிகளே கிடைக்கும். ஆகவே சட்டை வாங்கும்போது கழுத்தளவோடு நில்லாமல், கையை மேலே மடிக்க முடிகிறதா என்பதையும் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது நலம்.