கடைசிக் கொள்முதலும் ரொக்கக் கடன் கணக்கும்

கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் எழுதப்படும் மென்பொருளில் ஒரு பகுதி மோட்டார் வாகனங்களுக்கானது. டாட்டா எல்க்ஸி நிறுவனம் இங்கு அப்பணியைச் செய்கிறது; நிஸ்ஸான் 2018இல் திருவனந்தபுரத்தில் தனது டிஜிட்டல் மையத்தைத் தொடங்கியது. பிரேக், காற்றுப்பை, எஞ்சின் என எதை இயக்கும் நிரலாயினும் அது ஒரு குறைக்கடத்திச் சில்லின்மீதே ஓடுகிறது. அச்சில்லு கிடைக்காமற்போவது ஒரு சிக்கல். அதன் உற்பத்தியே நிறுத்தப்படுவது வேறொரு சிக்கல். முதலாவது கார் வாங்குவோரையும், இரண்டாவது உதிரிபாகம் செய்யும் சிறுதொழில் முனைவோரையும் பெரிதும் பாதிக்கின்றன. இவ்விரு சாராரும் வங்கியின் வாடிக்கையாளர்களே.

தட்டுப்பாட்டின் கதை பலரும் அறிந்தது. 2020இல் பொதுமுடக்கத்தால் விற்பனை சரிந்தபோது கார் நிறுவனங்கள் சில்லுக்கான ஆணைகளைக் குறைத்தன. அந்த இடத்தை மடிக்கணினி, கைபேசி நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. கார்களுக்குத் தேவை திரும்பியபோது வரிசையில் இடமில்லை. சில்லு ஒன்று ஆலையில் உருவாகப் பல மாதங்கள் பிடிக்குமாதலால் பணம் கொடுத்தாலும் உடனே கிட்டாது. போதாக்குறைக்கு, 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலால் சில ஆலைகள் நின்றன. மார்ச் 19 அன்று ஜப்பானில் ரெனேசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பற்றியது. மாருதி சுசுகி, 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 விழுக்காடே இயலும் என்று அறிவித்தது. 2021-22 நிதியாண்டில் அந்நிறுவனம் தயாரிக்க இயலாமற்போன வாகனங்கள் அதன் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 2.7 லட்சம்.

அக்காலத்தில் சில மாதிரிகளுக்கு ஓராண்டையும் கடந்து காத்திருக்க நேர்ந்தது. 2022 மே தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடானது. வாகனக் கடனின் ஒப்புதல் கடிதத்திற்குக் காலவரம்பு உண்டு. வட்டியோ பெரும்பாலும் கடன்தொகை வழங்கப்படும் நாளில் நிலவும் விகிதத்தின்படி அமையும். நீண்ட காத்திருப்புள்ள காரைப் பதிவு செய்வோர் இவ்விரண்டையும் கேட்டறிந்துகொள்வது நல்லது.

வணிகவியல் வகுப்பில் சரக்கிருப்பு என்றாலே முடங்கிய பணம் என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் என்னும் முறைக்குப் பேர்பெற்ற டொயோட்டாவோ, 2011 நிலநடுக்கத்திற்குப் பின் தனக்குப் பொருள் வழங்குவோர் இரண்டு முதல் ஆறு மாதங்களுக்கான சில்லுகளை இருப்பில் வைக்குமாறு ஏற்பாடு செய்தது. அதனால் 2021இல் பிறரைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இனி இரண்டாவது சிக்கல். கார் மாதிரி ஒன்று பல ஆண்டுகள் விற்பனையாகும். விற்பனை நின்ற பிறகும் பத்தாண்டுக்குமேல் உதிரிபாகம் வேண்டும். சில்லு ஆலைகள் அத்தனை காலம் பொறுப்பதில்லை. ஒரு சில்லை நிறுத்துமுன் அறிவிப்பு அனுப்புவார்கள். தொழில்துறையின் பொது வழக்கப்படி, கடைசி ஆணை இட ஆறு மாதம். சரக்கு பெற்று முடிக்கப் பன்னிரண்டு மாதம்.

கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய். அதன் 20 விழுக்காடு என்ற கணக்கில் நடைமுறை மூலதன வரம்பு 1 கோடி. ஆண்டுக்கு 20,000 சில்லுகள், ஒன்று 150 ரூபாய் எனில் 30 லட்சம். இன்னும் ஏழாண்டு பலகை வழங்கும் ஒப்பந்தம் இருந்தால், கடைசிக் கொள்முதலுக்கு மட்டும் 2.1 கோடி தேவை. மொத்த வரம்பைப்போல் இருமடங்குக்கும் மேல்!

ரொக்கக் கடனிலிருந்தே இதை வாங்கிவிட எண்ணுவது இயல்பு; ஆனால் அது ஆபத்தானது. டிராயிங் பவர் எனப்படும் எடுப்பு வரம்பு, மாதாந்தரச் சரக்கிருப்பு அறிக்கையைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. குறித்த நாள்களுக்குமேல் அசையாத சரக்கை வங்கிகள் பொதுவாக அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஏழாண்டுக்கு வாங்கிய சில்லு அறிக்கையில் விலைபோகாத சரக்கைப்போலவே தோன்றும். எடுப்பு வரம்பு சுருங்கும். கணக்கு அவ்வரம்பைத் தாண்டித் தொடர்ந்து 90 நாள்கள் இருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். நன்றாக நடக்கும் தொழில், முன்யோசனையுடன் செய்த ஒரு கொள்முதலால் இந்நிலைக்கு வரலாம்.

ஆகவே அறிவிப்பு வந்த உடனேயே கிளைக்கு வாருங்கள். ஆறாவது மாதத்தில் அன்று. ஆலையின் அறிவிப்பு, பலகையை வாங்கும் நிறுவனத்தின் நீண்டகால ஆணை, ஆண்டுவாரித் தேவைக் கணக்கு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். மிஞ்சும் சில்லுகளை ஏற்றுக்கொள்வதாகவோ முன்பணம் தருவதாகவோ அந்நிறுவனத்திடம் எழுத்துமூலம் பெற முடிந்தால் பாதிச் சுமை குறையும். இத்தகைய தேவைக்கு ரொக்கக் கடனைவிட, தவணைகளில் அடைக்கும் நடைமுறை மூலதனத் தவணைக் கடனே பொருந்தும் என்பது என் கருத்து. சரக்கு ஆண்டுதோறும் கரைவதுபோல் கடனும் கரையும்.

வேறு சில்லுக்கு மாறலாமே என்று கேட்கலாம். மாறலாம், நிரலைத் திருத்தி, முழுமையாகச் சோதித்து, வாங்குவோரின் ஒப்புதலையும் பெறவேண்டும். டெஸ்லா 2021இல் 19 புதிய கட்டுப்பாட்டுக் கருவி வகைகளை வடிவமைத்துச் சமாளித்தது. நமக்கு அருகிலுள்ள தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமோ ராக்கெட்டுகளுக்கென விக்ரம் செயலியைத் தானே வடிவமைத்து, மொகாலியின் அரசு ஆலையில் செய்வித்துக்கொள்கிறது. இரண்டும் சிறு தொழிற்கூடத்தின் கைக்கு எட்டாதவை.

காலக்கெடு தவறியவர்கள் இடைத்தரகர்களிடம் செல்கிறார்கள். பழைய பலகைகளிலிருந்து பெயர்த்தெடுத்து, மேலே புது எண் அச்சிட்ட சில்லுகள் அங்கு உலவுகின்றன. கடன் உறுதிக் கடிதம் இருப்பதால் கவலையில்லை என்று எண்ணவேண்டாம்: அதன்கீழ் வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே, சரக்கை அன்று. பெட்டிக்குள் போலி இருந்தாலும் ஆவணம் சரியாயின் பணம் போய்விடும். மூன்றாம் தரப்புச் சோதனைச் சான்றிதழையும் தேவையான ஆவணங்களில் ஒன்றாகக் கடிதம் திறக்கும்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சேர்க்க விற்பவரின் சம்மதமும் வேண்டும்.