போனஸ் ஐப்பசியில், வானம் தையில்!

ரங்கநாதன் தெருவுக்கு இரண்டு பனியன் வாங்கப் போன மனிதன் ஒரு இட்லிக் குக்கர், மூன்று தலையணை உறை, ஒரு பிளாஸ்டிக் முக்காலியோடு திரும்பி வருவது நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம். (பனியன் வாங்கியிருக்க மாட்டான்.) இதில் பெரிய சேதம் கிடையாது. முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் அதே வேகத்தில் ஒருவன் டெலஸ்கோப் வாங்கினால் பணம் மட்டும் போவதில்லை, ஆகாயமும் சேர்ந்து போய்விடுகிறது. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். ஆபீஸுக்கு லேட்டாகிவிட்டவர்கள் இத்துடன் கிளம்பலாம்.

மற்றவர்களுக்கு என் நண்பர் கதை. பெயர் வேண்டாம், அவர் மனைவி பத்திரிகை படிப்பவர். மயிலாப்பூர்வாசி. தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அடுத்தவன் கம்பெனியில் ஐம்பது ரூபாய் வவுச்சர் காணோம் என்றால் அன்று இவருக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவர்.

2020 டிசம்பர் 21-ம் தேதி குருவும் சனியும் வானத்தில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றன. 1623-க்குப் பிறகு இத்தனை நெருக்கம் இல்லை என்று செய்தி. நண்பர் 18-ம் தேதி ராத்திரி பதினொன்றரைக்குப் படுக்கையில் புரண்டபடியே செல்போனில் ஒரு டெலஸ்கோப்புக்கு ஆர்டர் போட்டுவிட்டார். பார்சல் 23-ம் தேதி வந்தது. அதற்குள் குருவும் சனியும் கொஞ்சம் விலகியாயிற்று. போதாததற்கு மேற்கே தாழ்வாக, எதிர் அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அதே அளவு நெருக்கம் மறுபடி 2080 மார்ச்சில்தான். திருப்பிக் கொடுக்கும் கெடுவோ பத்து நாள்.

"சரி, நிலாவையாவது பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்யா. ஆடுது."

அந்த டெலஸ்கோப் இப்போது பரணில், கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நண்பர் அதற்கப்புறம் அண்ணாந்து பார்த்ததில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. பி.காம். படித்தவனுக்கே புரிகிற கணக்கு இது. டெலஸ்கோப்பின் குவிய தூரத்தை ஐபீஸின் குவிய தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். 700 மி.மீ. குழாயில் 4 மி.மீ. ஐபீஸ் வைத்தால் 175. நடுவில் மூன்று மடங்கு 'பார்லோ' லென்ஸ் ஒன்றைச் செருகினால் 525! ஆனால் முன்பக்க லென்ஸின் அகலத்தை மி.மீ.யில் அளந்து இரண்டால் பெருக்கினால் எவ்வளவோ, அதற்கு மேல் பெரிதாக்கிப் பிரயோஜனமில்லை. நண்பரின் லென்ஸ் 70 மி.மீ. ஆகவே 140 மடங்குதான் உச்சம். மிச்சம் 385 மடங்கும் கலங்கல். காபியில் தண்ணீர் ஊற்றினால் டம்ளர் நிறையும், டிகாக்‌ஷன் கூடாது.

இரண்டாவது விஷயம் கால். மலிவு டெலஸ்கோப்புகளின் ஸ்டாண்டு ஒடிசலாக இருக்கும். 140 மடங்கில் நிலாவைப் பார்த்தால் உங்கள் கை நடுக்கமும் 140 மடங்காகும். பூமி சுழல்வதால் பார்க்கிற கிரகம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் பார்வையைவிட்டு நகர்ந்துவிடும். தொட்டுத் திருப்ப வேண்டும். தொட்டால் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் கிரகம் போய்விடும்.

சென்னைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் சொந்த ஆர்வத்தில் எழும்பூரில் ஒரு வானாய்வகம் வைத்துக்கொண்டார். நம்மைப் போல ஆபீஸ் போய் வந்தவர்தான் (சம்பளத்தில் மட்டும் நம்மைப் போல இல்லை). பிறகு கம்பெனி அதை ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் முறையான கட்டடம் எழுப்பியது. அங்கே கருவியைத் தாங்க என்ன நிறுத்தினார்கள் தெரியுமா? 10 டன் எடையில் ஒரு கருங்கல் தூண்! 1899-ல் வானாய்வு கொடைக்கானலுக்குக் குடிபோய்விட்டது. தூண் மட்டும் கல்லூரிச் சாலை வானிலை மையத்து வளாகத்தில், தமிழ்க் கல்வெட்டு சகிதமாக நிற்கிறது. கருவி சின்னது, கால் பெரியது. அதுதான் திட்டம்.

இனி நம் பட்ஜெட். நம்மவர்களுக்கு மொத்தமாகக் கையில் காசு வருவது தீபாவளி போனஸின்போது, அதாவது ஐப்பசியில். அன்றைக்கே ஆர்டர் போடக் கை துறுதுறுக்கும். ஆனால் சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெலஸ்கோப் வரும், நட்சத்திரம் வராது. மேகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்து, ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சைதான் பூக்கும். வானம் பளிச்சென்று திறப்பது தை மாசம். எனவே போனஸை வங்கியில் போடுங்கள். இடையில் இருக்கும் மூன்று மாசம் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த யோசிக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தில் செய்யவேண்டியதற்குச் செலவு பூஜ்யம். உங்கள் ஜன்ம நட்சத்திரம் என்ன? ரோகிணி? திருவாதிரை? பெண் பார்க்கப் போகும்போது சொல்லிக்கொள்கிறோமே, அதை எப்போதாவது நேரில் பார்த்ததுண்டா? செல்போனில் 'ஸ்டெல்லேரியம்' மாதிரி இலவச வான வரைபடம் இருக்கிறது. மழை விட்ட இரவுகளில் மொட்டை மாடிக்குப் போய் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிஷம், திருவாதிரை என்று வரிசையாகத் தேடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் தெருவிளக்குக்கு முதுகைக் காட்டிக் கடல் பக்கம் திரும்பி நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். கோட்டூர்புரத்தில் 1988-ல் திறந்த பிர்லா கோளரங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். சினிமாவைவிட மலிவு.

மூன்று மாசத்தில் அலுத்துவிட்டதா? வாழ்த்துக்கள், பல ஆயிரம் மிச்சம். அலுக்கவில்லையா? முதலில் வாங்கவேண்டியது டெலஸ்கோப் இல்லை, 10x50 பைனாகுலர். இருட்டில் நம் கண்ணின் பாப்பா சுமார் 7 மி.மீ.தான் விரியும். 50 மி.மீ. லென்ஸ் அதைப் போல ஐம்பது மடங்கு வெளிச்சம் வாங்கும். முழங்கையை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த கார்த்திகை டஜன் கணக்கில் பெருகும். குருவின் நாலு நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வானம் அலுத்தாலும் பைனாகுலர் வீணாகாது. வேடந்தாங்கலுக்கு எடுத்துப் போகலாம்.

ஆனால் சனியின் வளையம் அதில் தெரியாது. "வளையம் தெரியலையே" என்று ஒரு மாசமாக மனசை அரிக்கிறதா? அப்போது டெலஸ்கோப் வாங்கலாம், ஏனென்றால் இப்போது உங்களுக்கு ஒரு குறை இருக்கிறது. குறை தெரிந்து வாங்கினால் அது தேவை. குறையே தெரியாமல் வாங்கினால் பரணுக்குப் பாரம்.

என்ன டெலஸ்கோப்? இங்கே ஒரு சாமியாரைச் சொல்லவேண்டும். ஜான் டாப்சன் (1915-2014). நம் மயிலாப்பூர் மடத்தின் அதே ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ மடாலயத்தில் 1944-ல் துறவியானவர். கையில் காசில்லை. கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயில் பொருத்தினார். ப்ளைவுட் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்த்தினார். ஆடவில்லை! டெலஸ்கோப் மோகத்தில் மடத்துக் கடமைகளில் நழுவுகிறார் என்று 1967-ல் வெளியேற்றிவிட்டார்கள். அவர் நடைபாதைகளில் டெலஸ்கோப்பை வைத்து, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். அந்த அமைப்பு இன்று 'டாப்சோனியன்' என்ற பெயரில் விற்கிறது. ஆறு அங்குல ஆடி போதும். கொடுக்கிற காசு ஆடிக்கும் அடித்தளத்துக்கும் போகும், பெட்டிமேல் போட்ட நம்பருக்குப் போகாது.

வாங்குமுன் இன்னும் இரண்டு. மாடிப்படியில் தூக்கிப் போக முடியுமா என்று பாருங்கள், லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது. ஐபீஸ்களை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஐபீஸில் திருகுகிற 'சூரிய ஃபில்டர்' ஏதாவது பெட்டிக்குள் இருந்தால் அன்றைக்கே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் கண்ணே போய்விடும். அதற்கு எந்தக் கடையிலும் மாற்று கிடையாது.

தை பிறந்ததும் ஒரு சாயங்காலம், பாதி நிலாவில் அதைத் திருப்புங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பில் பள்ளங்கள் நிழல் கட்டி நிற்கும். முதலில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எவ்வளவு ஆச்சு என்று கேட்கமாட்டார்.