டெலிகிராம்ல வந்த பிக்கிள் ஃபைலை ஓப்பன் பண்ணலாமா?

ஆல்கோ டிரேடிங் வீடியோ பார்த்துட்டு நாகல் நகர்ல இருந்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். "அண்ணா, டெலிகிராம் குரூப்ல 5 வருஷ நிஃப்டி டேட்டா ஃப்ரீயா குடுத்தாங்க. பிக்கிள் ஃபைலா இருக்கு. பைத்தான்ல ஓப்பன் பண்ணலாமா?"

பண்ணாதீங்க தம்பி.

சிஎஸ்வி ஃபைல்ல வெறும் எண்ணும் எழுத்தும்தான் இருக்கும். பிக்கிள் அப்படி இல்ல. ஆன்லைன்ல கட்டில் வாங்கினா, பலகைகளோட எப்படி மாட்டணும்னு ஒரு சீட்டும் வருமில்லையா, அந்த மாதிரி. பைத்தான் அந்தச் சீட்டுல இருக்கறதைக் கேள்வி கேட்காம செய்யும். "இந்த புரோகிராமை ஓட்டு"ன்னு எவனாவது எழுதி வச்சிருந்தா அதையும் செய்யும். உங்க ஸ்கிரீன்ல நிஃப்டி டேட்டா ஒழுங்காத்தான் வரும். அதுக்குள்ள அவன் வேலை முடிஞ்சிருக்கும். இதுக்குப் பேர் பாதுகாப்பில்லாத டீசீரியலைசேஷன்.

நம்பகமான டேட்டாவை மட்டும் பிக்கிள்ல திறங்கன்னு பைத்தானோட டாக்குமென்டேஷனே எச்சரிக்குது. மைக்ரோசாஃப்ட்டோட பைனரிஃபார்மேட்டர்லயும் இதே கதைதான். அதைப் பாதுகாப்பா மாத்தவே முடியாதுன்னு சொல்லி, 2024 நவம்பர்ல வந்த டாட்நெட் 9-ல தூக்கிட்டாங்க.

நமக்கு ஏன் இது பண விஷயம்? ஆல்கோ ஓட்டுற லேப்டாப்லதான் புரோக்கர் ஏபிஐ கீ, சீக்ரெட் எல்லாம் இருக்கு. தினமும் லாகின் பண்ண சோம்பல்பட்டு, டிஓடிபி கீயையும் அதே ஃபோல்டர்ல வச்சிருப்போம் (நானும் வச்சிருந்தேன்). வீட்டைப் பூட்டிட்டு சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போற மாதிரி. நம்ம திண்டுக்கல் பூட்டா இருந்தாலும் என்ன பிரயோஜனம்? ஏபிஐ ஆர்டர் பதிவு பண்ண ஸ்டேடிக் ஐபில இருந்துதான் வரணும்னு 2025 பிப்ரவரி சர்க்குலர்ல செபி சொல்லியிருக்கு. நல்ல விதிதான். ஆனா திருடன் உங்க லேப்டாப்குள்ளயே உட்கார்ந்துட்டா, ஆர்டர் உங்க ஐபில இருந்துதானே போகும்?

அதனால டேட்டா குடுக்கறவங்ககிட்ட சிஎஸ்வியா கேளுங்க. இல்லன்னா புரோக்கர் ஏபிஐல இருந்து நீங்களே எடுங்க. நீங்களே சேவ் பண்ணின பிக்கிள்னா பயம் இல்ல. யாரோ குடுக்கற 'ஏஐ மாடல்' ஃபைலும் பல நேரம் உள்ளுக்குள்ள பிக்கிள்தான். பைடார்ச் 2.6-ல இருந்து வெயிட்ஸை மட்டும் எடுக்கறதுதான் டீஃபால்ட். எர்ரர் வருதுன்னு அதை ஆஃப் பண்ணச் சொன்னா பண்ணாதீங்க.

ஏற்கெனவே திறந்துட்டீங்களா? முதல்ல லேப்டாப்ல நெட்டைக் கட் பண்ணுங்க. மொபைல்ல இருந்து புரோக்கர், மெயில் பாஸ்வேர்ட் ரெண்டையும் மாத்துங்க, ஏபிஐ சீக்ரெட்டையும் டிஓடிபியையும் புதுசா எடுங்க. பணம் போயிருந்தா அன்னைக்கே 1930-க்கு போன் போடுங்க.