'ஓவர்ஸ்டே'... விருந்துக்குப் போனாலும் விசாவில் போனாலும் உஷார்!

'விருந்தும் மருந்தும் மூணு நாள்'னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்கல்ல? அந்த மூணு நாளைத் தாண்டியும் கிளம்பாம இருந்தா, அதுதான் 'ஓவர்ஸ்டே'. இருக்கவேண்டிய காலத்துக்கு மேல் ஓரிடத்தில் தங்குவது என்று அர்த்தம்.

நண்பர் வீட்டிலிருந்து கிளம்பும்போது, 'ஐ டோன்ட் வான்ட் டு ஓவர்ஸ்டே மை வெல்கம்' என்று சொல்லிப்பாருங்க. 'ரொம்ப நேரம் இருந்து தொந்தரவு பண்ண விரும்பலை' என்று நாசூக்காக விடைபெறும் வழி இது. 'அவுட்ஸ்டே' என்றாலும் இங்கே அதே பொருள்தான்.

ஆனா, விசா விஷயத்தில் இந்த வார்த்தை ரொம்ப சீரியஸ். அமெரிக்க டூரிஸ்ட் விசாவில் 10 வருஷம்னு இருக்கும். அது அங்கே போய் இறங்குவதற்கான கெடு மட்டுமே. எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதை 'ஐ-94' பதிவுதான் சொல்லும். பெரும்பாலும் 6 மாதம். அதைத் தாண்டினால் 'ஓவர்ஸ்டே'. 180 நாள்களுக்கு மேல் அப்படித் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருஷமும், ஒரு வருஷம் அல்லது அதற்கு மேல் தங்கினால் 10 வருஷமும் திரும்ப நுழையத் தடை வரும்.

அதனால, ரிட்டர்ன் டிக்கெட் போடும் முன்னாடி விசாவை இல்ல, ஐ-94 தேதியைப் பாருங்க!