சிக்னல்ல ஆஃப் ஆகுற வண்டி: ஐடிலிங்கை டீபக் பண்றது எப்படி?

போன மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினேன். 150 சிசி, 2016 மாடல், கார்புரேட்டர் வண்டி. "பழைய வண்டி வாங்குறதும் அடுத்தவன் தலைவலிய வாங்குறதும் ஒண்ணு"ன்னு அப்பா சொன்னார். நான் கேக்கல.

மூணாவது நாள், ஓஎம்ஆர் சிக்னல். பச்சை விழுது, வண்டி ஆஃப். பின்னாடி எம்டிசி பஸ், விடாம ஹாரன். கிக்கரை உதைச்சுக்கிட்டே ஓரமா தள்ளினப்போ பஸ் ஒரு முழம் தள்ளிப் போச்சு. ஐடிலிங் பிரச்சினை வெறும் எரிச்சல் இல்ல, உயிர் விஷயம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

சரி, ஐடிலிங்னா என்ன? ஆக்ஸிலரேட்டரை முழுசா விட்ட நிலையில எஞ்சின் தானா ஓடணும். இந்த மாதிரி வண்டிகள்ல பொதுவா 1,400 ஆர்பிஎம் பக்கம். அந்த நேரத்துல பெட்ரோல் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் வழியாத்தான் போகுது. மயிரிழை மாதிரி ஓட்டை அது. வண்டி மாசக்கணக்குல நின்னா, பெட்ரோல் ஆவியாகி மிச்சப் பிசின் அதை அடைச்சிடும்.

என் வண்டி கொடுத்த முதல் க்ளூ: காலைல சோக் போட்டா ஓடுது, சோக்கை எடுத்தா நிக்குது. சோக் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும். அப்போ சோக் இல்லாதப்ப பெட்ரோல் பத்தல, இல்லேன்னா எங்கேயோ கூடுதலா காத்து உள்ள போகுது.

கோடை டீபக் பண்ற மாதிரிதான் இதுவும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. எளிசானதுல இருந்து ஆரம்பிங்க.

முதல்ல ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். என் பிளக் நுனி வெள்ளையா இருந்துச்சு. பெட்ரோல் கம்மிங்கிறதுக்கு இன்னொரு அடையாளம்.

ரெண்டாவது, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர். வெடிச்சிருந்தா காத்து அது வழியா புகுந்திடும். அதை வளைச்சுப் பார்த்தேன், நல்லா இருந்துச்சு.

மூணாவது, ஸ்லோ ஜெட். எஞ்சின் ஆறினதும் பெட்ரோல் டேப்பை மூடி, காத்தோட்டமான இடத்துல கார்புரேட்டரைக் கழட்டணும். பக்கத்துல சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. கழட்டத் தயக்கமா இருந்தா மெக்கானிக் அண்ணாகிட்ட கொடுங்க, ஆனா கூடவே நின்னு பாருங்க. என் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரல! கார்ப் கிளீனர் அடிச்சு, காத்து ஊதினேன். ஊசியோ கம்பியோ விடாதீங்க. ஓட்டை பெருசானா ஜெட்டே வீண்.

கடைசியா ட்யூனிங். கலவை ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி, மெதுவா உள்ள திருகி எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வெச்சுக்கோங்க. அதுதான் உங்க பேக்கப். அதே அளவுக்கு வெளிய கொண்டு வந்துட்டு, எஞ்சின் நல்லா சூடானதும் கொஞ்சம் கொஞ்சமா திருகி, ஆர்பிஎம் எங்க அதிகமாகுதோ அங்க நிறுத்துங்க. அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால 1,400க்கு இறக்குங்க.

இங்கதான் குட்டு வெளிப்பட்டது. எனக்கு வித்தவர் ஐடில் ஸ்க்ரூவை ஏத்தி வெச்சிருந்தார். அப்படி ஏத்தினா த்ராட்டில் கொஞ்சம் திறந்தே இருக்கும், ஜெட் அடைப்பு தெரியாது. போதாததுக்கு நான் போறதுக்கு முன்னாடியே வண்டியை சூடாக்கி வெச்சிருந்தார். நானும் "ஸ்மூத்தா இருக்கே"ன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

அதனால பழைய வண்டி பார்க்கப் போனா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின் பக்கத்துல கையைக் கொண்டு போங்க. சூடு அடிச்சா, "ஆறட்டும் அண்ணா, ஒரு டீ குடிச்சிட்டு வரேன்"னு சொல்லுங்க. குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது.

ஒரு விஷயம்: 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 பைக் பெரும்பாலும் எஃப்ஐ. அதுல இந்த ஸ்க்ரூ வேலை கிடையாது, ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும்.

நேத்து அதே சிக்னல்ல 90 செகண்ட் நின்னேன். வண்டி நிக்கவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, "பரவால்லடா"ன்னார். அது போதும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!