ஒரு விநாடிக்குள் நூறு கோடி: நுண்ணிய நேர அலகுகளில் எழும் சந்தேகங்கள்

கைப்பேசியில் விளையாடும் பிள்ளைகள் ‘பிங் 60-ஐத் தாண்டிவிட்டது’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்; அந்த 60, மில்லி விநாடிக் கணக்கு. ஆய்வகத்தில் மட்டும் புழங்கிய அலகுகள் இன்று வீட்டுக்கூடத்துக்கே வந்துவிட்டன. அவற்றை விநாடியாக மாற்றுவதில் வழக்கமாக எழும் சில சந்தேகங்களைப் பார்ப்போம்.

மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ… இந்த வரிசையை எப்படி நினைவில் வைப்பது?

ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயிரத்தால் வகுபடுகிறது; விதி அது ஒன்றே. விநாடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மில்லி விநாடி. அதையும் ஆயிரமாக்கினால் மைக்ரோ. அப்படியே நானோ, பிக்கோ, ஃபெம்டோ, அட்டோ என்று இறங்கும். நமக்குப் பழகிய எண்களில் சொன்னால், ஒரு விநாடிக்கு ஆயிரம் மில்லி விநாடி, பத்து லட்சம் மைக்ரோ விநாடி, நூறு கோடி நானோ விநாடி, ஒரு லட்சம் கோடி பிக்கோ விநாடி.

‘மில்லி’ என்றதும் மில்லியன் ஞாபகம் வந்து, பத்து லட்சத்தால் வகுத்துவிடுகிறவர்கள் உண்டு. மில்லி ஆயிரத்தில் ஒன்று. மில்லியனில் ஒன்றுக்குப் பெயர் மைக்ரோ. மருந்துப் புட்டியில் இருக்கும் மில்லி லிட்டரை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மாற்றும்போது பெருக்குவதா, வகுப்பதா?

சிறிய அலகிலிருந்து விநாடிக்கு வர வகுக்க வேண்டும். விநாடியிலிருந்து சிறிய அலகுக்குப் போகப் பெருக்க வேண்டும். 250 மில்லி விநாடியை ஆயிரத்தால் வகுத்தால் 0.25, அதாவது கால் விநாடி. இதில் யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் ஒற்றை இலக்கத்தில்தான். 5 மில்லி விநாடியை 0.05 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 0.005. தசமப் புள்ளிக்குப் பிறகு மில்லிக்கு மூன்று இடம், மைக்ரோவுக்கு ஆறு, நானோவுக்கு ஒன்பது என்று ஒதுக்கி, காலியிடங்களில் பூஜ்ஜியம் இட்டால் பிசகாது.

அந்த ஓர் இடம் எவ்வளவு பெரியது என்று விளையாட்டு வீரர்களுக்குத் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். வெண்கலம் 55.41-க்குப் போனது. வித்தியாசம் 0.01 விநாடி, அதாவது 10 மில்லி விநாடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் 100 மீட்டரில் அதுவும் போதவில்லை. நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருக்குமே 9.79 என்று வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்த பிறகே 9.784-க்குத் தங்கம், 9.789-க்கு வெள்ளி என்று தீர்ந்தது. இடையில் இருந்தது 5 மில்லி விநாடி.

கணினிப் பதிவுகளில் தேதிக்குப் பதில் 13 இலக்க எண் வருகிறதே?

அது 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணிய மில்லி விநாடி. இன்றைய தேதிக்கு 10 இலக்கம் வந்தால் விநாடி, 16 என்றால் மைக்ரோ, 19 என்றால் நானோ. 13 இலக்கத்தை ஆயிரத்தால் வகுக்காமல் விநாடியாக எடுத்துக்கொண்டால், ஐம்பதாயிரத்தைத் தாண்டிய ஓர் ஆண்டைக் கணினி காட்டும்.

அட்டோ விநாடியால் யாருக்குப் பயன்?

அணுவுக்குள் எலெக்ட்ரான் நகர்வதைப் பின்தொடர அதுதான் அளவு. அட்டோ விநாடிக் கணக்கில் ஒளித்துடிப்புகளை உருவாக்கியதற்காகப் பியர் அகோஸ்டினி, ஃபெரென்ஸ் க்ரவுஸ், ஆன் லூயிலியே மூவருக்கும் 2023-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு விநாடிக்குள் இருக்கும் அட்டோ விநாடிகள், கோடியைக் கோடியால் பெருக்கி, அதையும் பத்தாயிரத்தால் பெருக்கினால் வரும் எண்ணிக்கை.

நானோ விநாடி அளவுக்குப் பிழை வந்தால் என்ன ஆகிவிடும்?

ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எத்தனை தடவை சேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வளைகுடாப் போரின்போது, 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அதை வானிலேயே மறிக்க வேண்டிய பேட்ரியட் கருவி சுடவே இல்லை.

அக்கருவியின் கடிகாரம் பத்தில் ஒரு பங்கு விநாடிகளாக எண்ணியது. விநாடியாக்க அதை 0.1-ஆல் பெருக்கினார்கள். நமக்கு 0.1 முடிந்த எண். கணினியின் இரும முறையிலோ, நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதிக்கொண்டே போவதுபோல, அது முடியாமல் நீளும். கருவியில் இருந்த இடம் 24 பிட், மிச்சம் வெட்டப்பட்டது. அதனால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஏறத்தாழ 95 நானோ விநாடி விடுபட்டது. கருவியோ நிறுத்தாமல் சுமார் 100 மணி நேரம் ஓடியிருந்தது. அதற்கு 36 லட்சம் எண்ணிக்கை. 95-ஆல் பெருக்கினால் 34 கோடியே 20 லட்சம் நானோ விநாடி. நூறு கோடியால் வகுத்தால் 0.342 விநாடி. விநாடிக்குச் சுமார் 1,676 மீட்டர் பாயும் ஸ்கட், அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கருவி வானில் வேறோர் இடத்தில் தேடியது. பிழை ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். அலகு மாற்றம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட வேண்டும் என்பேன். இடையில் தோராயமாக்காதே என்று ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

கைப்பேசி வழிகாட்டிக்கும் இந்தக் கணக்கு உண்டா?

உண்டு. செயற்கைக்கோள் சிக்னல் வந்து சேரும் நேரத்தைத்தான் அது தூரமாக மாற்றுகிறது. அந்தச் சிக்னல் வருவது ஒளியின் வேகத்தில். ஒளி ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர், ஒரு மைக்ரோ விநாடியில் சுமார் 300 மீட்டர் போகும். ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியல் விளைவால் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் பூமியில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தும். விநாடியில் எழுதினால் 0.000038; அதற்குள் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அதனால்தான் அந்தக் கடிகாரங்களை விண்ணில் ஏவும் முன்பே அந்த அளவுக்கு மெதுவாக ஓடும்படி அமைத்து அனுப்புகிறார்கள்.